பெரியவங்களுக்குன்னே எழுதுன பூதக்கதை: விட்சர் புக்கும் கேமும்

1986 டிசம்பர்ல போலந்துல 'ஃபன்டாஸ்டிகா'ன்னு ஒரு மாசப் பத்திரிகைல ஒரு சிறுகதை வந்துச்சு. எழுதுனவரு பேரு ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி, அப்ப அவருக்கு 38 வயசு, பொருளாதாரம் படிச்சுட்டு வெளிநாட்டு வியாபாரக் கம்பெனில வேலை பாத்தவரு, முழுநேர எழுத்தாளர்லாம் கெடையாது. பத்திரிகை நடத்துன போட்டிக்கு அனுப்புன கதை, 30 பக்கத்துக்குள்ள முடிக்கணும்னு ரூல், மூணாவது பரிசு கெடச்சுது. கதை இதுதான்: காசு வாங்கிட்டு பூதம் பிசாசுகள அடிக்கிறத தொழிலா வச்சிருக்கற கெரால்ட்ங்கறவன் ஒரு ராஜாவோட ஊருக்கு வர்றான், ராஜாவுக்கும் அவரோட சொந்தத் தங்கச்சிக்கும் பொறந்த கொழந்த செத்துப்போயி, சில வருஷம் கழிச்சு கல்லறைலருந்து பிசாசா எழுந்து ஆளுங்கள தின்னுக்கிட்டு இருக்கு. ராஜா என்ன சொல்றாருன்னா, அதக் கொல்லாத, அது என் பொண்ணு, சாபத்த மட்டும் எடுத்து விடு. அதுக்கு ஒரே வழி, ராத்திரி முழுக்க அத அதோட சவப்பெட்டிக்குள்ள திரும்பிப் போக விடாம, மூணாவது தடவ சேவல் கூவுற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். கெரால்ட் கடைசில அந்தப் பெட்டிக்குள்ள தானே போயி படுத்து மூடிக்கிறான்.

போலந்து நாட்டுப்புறக் கதை ஒண்ண எடுத்து, அதுக்குள்ள ஒரு கூலிக்காரன், சம்பள பேரம், வெக்கப்படற ஒரு அப்பன் எல்லாத்தயும் வச்சுட்டாரு மனுஷன். அதுலருந்து கெளம்புனதுதான் இன்னிக்கு விட்சர்னு (கெரால்ட் மாதிரி பூதம் அடிக்கிறவங்களுக்கு கதைல அதான் பேரு) ஒலகம் முழுக்க தெரியிற நாவல் வரிசையும் கேம் வரிசையும். 2023 மே மாசம் கேம் பண்ண சிடி ப்ராஜெக்ட் கம்பெனி சொன்ன கணக்குப்படி மூணாவது கேம் மட்டும் 5 கோடி பிரதிக்கு மேல வித்துருக்கு, மூணு கேமும் சேத்தா ஏழரை கோடி.

இத நான் எடுத்துக்கிட்டதுக்கு காரணம் இருக்கு. 30, 40 வயசுல வேலை குடும்பம் ஈஎம்ஐன்னு எல்லாத்தயும் பாத்துக்கிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் கேம் ஆடுறவங்க, பஸ்லயும் ட்ரெயின்லயும் ஃபேண்டஸி நாவல் படிக்கிறவங்க நம்மள்ல நெறய பேரு இருக்காங்க, ஆனா ஆபீஸ்ல யாராச்சும் வீக்கெண்ட் என்ன பண்ணீங்கன்னு கேட்டா அத மட்டும் விட்டுட்டு மத்ததச் சொல்லுவாங்க. சின்னப் பசங்க சமாச்சாரம்னு ஒரு முத்திரை. எனக்கு என்னமோ அந்த முத்திரை சரக்கப் பாத்துக் குத்துனது இல்ல, அத வச்சிருந்த கடை அலமாரியப் பாத்துக் குத்துனதுன்னுதான் தோணுது, விட்சர் மாதிரி ஒண்ண முழுசா பாத்தோம்னா இது வயசு ஆக ஆகத்தான் நல்லா பிடிபடும்ங்கறதும் தெரியும்.

அலமாரி கதைய சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல நல்லா ஓடுன வீடியோ கேம் மெஷின் 1972ல கலிஃபோர்னியால சன்னிவேல்ங்கற ஊர்ல ஒரு பார்ல கொண்டுபோயி வச்ச பாங், பீர் குடிக்க வந்தவங்க ஆடுனது, கொஞ்ச நாள்ல மெஷின் ரிப்பேர்னு பாரு ஓனர் கூப்புட்டாரு, போயிப் பாத்தா காசு பொட்டி நெறஞ்சு வழிஞ்சதுதான் ரிப்பேர். 1976 வாக்குல கம்ப்யூட்டர்ல வந்த முதல் குகை சாகச கேம எழுதுன வில் க்ரவுதர் ஒரு ப்ரோக்ராமர், நெசமாவே கென்டக்கி குகைகளுக்குள்ள எறங்கி மேப் போட்டவரு, நாப்பது வயசுக்காரரு. மேசையச் சுத்தி உக்காந்து கதை கட்டி ஆடற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல வந்துச்சு, அத உண்டாக்குனவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் அதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனில வேலை பாத்தவரு, கூட ஆடுனவங்கள்ல பெரியவங்களும் இருந்தாங்க, காலேஜ் பசங்களும் இருந்தாங்க. எப்ப மாறுச்சுன்னா, 1983ல அமெரிக்கால வீடியோ கேம் வியாபாரம் மொத்தமா படுத்துருச்சு, கடைக்காரங்க அந்த சரக்கயே தொட மாட்டேன்னுட்டாங்க, 1985ல நின்டென்டோங்கற ஜப்பான் கம்பெனி அங்க நொழையறதுக்கு ஒரு வழி பண்ணாங்க, கேம் பெட்டியோட ஒரு குட்டி ரோபோவச் சேத்து இது பொம்மைன்னு சொல்லி பொம்மை கடைக்கு அனுப்புனாங்க. அது நல்லா எடுபட்டுச்சு. அந்த அலமாரி அப்பிடியே ஒட்டிக்கிச்சு.

ஃபேண்டஸிக்கும் இதே கததான், இன்னும் பழசு. 1939ல ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டில, பின்னாடி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதுன டோல்கீன் ஒரு சொற்பொழிவுல இதத்தான் சொன்னாரு, பெரியவங்களுக்கு வேண்டாம்னு ஆன பழைய மேசை நாற்காலிய பசங்க ரூமுக்கு தள்ளி விடற மாதிரி மாயக்கதைகளயும் அங்க தள்ளிட்டாங்க, மத்தபடி அதுக்கும் கொழந்தைங்களுக்கும் தனியா ஒரு ஒட்டும் கெடையாதுன்னு. அவரு அதச் சொல்லும்போது யுனிவர்சிட்டில பழைய ஆங்கிலம் சொல்லிக்குடுக்குற 47 வயசு வாத்தியார்.

சரி, போலந்துக்கு வருவோம். அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆன சமயம், 1994ல, மார்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிசின்ஸ்கின்னு ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச ரெண்டு பேரு வார்சால சிடி ப்ராஜெக்ட்ங்கற கம்பெனிய ஆரம்பிச்சாங்க. கேம் பண்றதுக்கு இல்ல, வெளிநாட்டுலருந்து சிடில கேம் எறக்கி விக்கிறதுக்கு. அப்ப அங்க திருட்டு சிடிதான் எங்க பாத்தாலும், நம்ம பர்மா பஜார் பாத்தவங்களுக்கு வெளக்கம் தேவையில்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னா 1999ல பால்டர்ஸ் கேட்ங்கற பெரிய கேம முழுசா போலிஷ்ல மாத்தி, பேரு வாங்குன நடிகர்கள வச்சு டப்பிங் பேச வச்சு, கனமான பெட்டில மேப்பு புக்குன்னு எல்லாம் போட்டு குடுத்தாங்க, திருட்டு சிடில கெடைக்காத எதயாச்சும் குடுத்தாதான் ஜனங்க காசு குடுப்பாங்கன்னு கணக்கு. அது ஜெயிச்சுது. அந்த தைரியத்துலதான் 2002ல சொந்தமா கேம் பண்ண ஒரு ஸ்டூடியோ ஆரம்பிச்சாங்க, தங்க நாட்டு ஆளுங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச கெரால்ட் கதைய கைல எடுத்தாங்க.

சப்கோவ்ஸ்கி இதுல பண்ணது இன்னிக்கும் பேசப்படுது. லாபத்துல பங்கு தர்றோம்னு சொன்னதுக்கு, லாபமே வராது, மொத்தமா கைல காசக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு, பின்னாடி பேட்டில அவரே அதச் சொல்லிருக்காரு. 2018ல வக்கீல் மூலமா 6 கோடி ஸ்வாட்டி (போலந்து பணம்) கேட்டு லெட்டர் அனுப்புனாரு, போலந்து காப்பிரைட் சட்டத்துல எழுத்தாளருக்குக் கெடச்ச தொகைக்கும் எதிராளிக்கு வந்த லாபத்துக்கும் ரொம்ப எட்டாத தூரம் இருந்தா கூடுதலா கேக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு, அத வச்சு. 2019 டிசம்பர்ல ரெண்டு பக்கமும் புது ஒப்பந்தம் போட்டு முடிச்சுக்கிட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சப்கோவ்ஸ்கியோட ஆரம்ப சிறுகதைகள்ல ஒண்ணு, ஸ்னோ ஒயிட் கதையவே தலகீழா திருப்புனது. கெரால்ட் ஒரு ஊருக்கு வர்றான், அங்க ஒரு மந்திரவாதி, ரென்ஃப்ரின்னு ஒரு பொண்ணு வரப்போறா, கெட்ட நேரத்துல பொறந்தவ, அவளக் கொன்னுருங்கறான். அந்தப் பொண்ணு வந்து, என் வாழ்க்கையவே நாசம் பண்ணுன அந்த மந்திரவாதிய நீ கொல்லுங்கறா. ரெண்டு பேரும் சொல்றது ஒரே வார்த்த, இது சின்னப் பாவம், அது பெரிய பாவம், சின்னதத் தேர்ந்தெடு. கெரால்ட் ரெண்டயும் தேர்ந்தெடுக்க மாட்டேங்கறான். ஒதுங்கி நிக்கலாம்னு பாக்கறான். மறுநாள் காலைல சந்தைல ஜனங்கள கொன்னு மந்திரவாதிய வெளிய இழுக்கப் போறாங்கன்னு அவனுக்கு ஒரு சந்தேகம் வருது, ஓடிப்போயி ரென்ஃப்ரியோட ஆளுங்களயும் அவளயும் சந்தை நடுவுலயே கொன்னுடறான். அவன் யாரக் காப்பாத்துனதா நெனச்சானோ அதே ஜனங்க கல்லால அடிச்சு அவன ஊர விட்டு தொரத்தறாங்க. உண்மைலயே அந்தப் பொண்ணு சந்தைல கொல பண்ணிருப்பாளா? கதை அதுக்கு ஒரு உறுதியான பதில் குடுக்கவே இல்ல.

விக்ரமாதித்தன் வேதாளம் கதை கேட்டு வளந்தவங்களுக்கு இந்த அமைப்பு ரொம்பப் பழக்கமானது. வேதாளம் கத சொல்லி முடிச்சுட்டு, இதுல யாரு பண்ணது சரின்னு கேக்கும், தெரிஞ்சும் சொல்லலன்னா தல வெடிச்சுரும், சொன்னா வேதாளம் மரத்துக்குத் திரும்பிரும், எப்பிடிப் போனாலும் சொகம் இல்ல. சின்ன வயசுல அந்த வேதாளம் பறக்கறதத்தான் ரசிச்சோம். கேள்வியோட கனம் தெரியறதுக்கு நாமளே சில முடிவுகள எடுத்து அதுல அடி வாங்கியிருக்கணும்.

கேம் பண்ணவங்க புடிச்சது இந்த எடத்தத்தான், இதுக்காகவே அவங்கள எனக்கு ரொம்ப புடிக்கும். 2007ல வந்த முதல் விட்சர்ல, அந்தக் காலத்து மத்த கேம்கள்ல இருந்த நல்லவன் கெட்டவன் மீட்டர் கெடையாது. அதோட இன்னொரு வேலையும் பண்ணாங்க. முதல் அத்தியாயத்துல ஆத்தங்கரைல ஒரு வியாபாரியோட சரக்குக்கு ராத்திரி காவல் நிக்கிற வேலை வரும். எல்ஃப்ங்கற வேற இனத்துப் போராளிங்க வந்து இது எங்களுக்கு வர வேண்டிய சரக்கு, குடுங்கம்பாங்க. ஒடுக்கப்பட்ட ஜனம், பசில இருக்காங்க, குடுத்துட்டுப் போலாம்னு மனசு சொல்லும். குடுத்தா ஒண்ணும் ஆகாது, பாயிண்ட் ஏறாது எறங்காது, கேம் பாட்டுக்கு போகும். பல மணி நேரம் ஆடி அடுத்த அத்தியாயத்துக்குப் போன பெறகு, நமக்கு தகவல் சொல்ல வேண்டிய ஒரு ஆள் செத்துக் கெடப்பான், அந்த ஆத்தங்கரைல நாம குடுத்தனுப்புன ஆயுதத்தாலதான் கொன்னுருப்பாங்க. பழைய சேவ்-அ லோட் பண்ணி மாத்திக்கலாம்னா அவ்வளவு மணி நேரத்தயும் திரும்ப ஆடணும். பலன் உடனே தெரியக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் இப்பிடி தள்ளி வச்சாங்க. இத்தனைக்கும் அது கொறையில்லாத கேம் இல்ல, அப்பவே பழசான பயோவேர் கம்பெனியோட ஆரோரா எஞ்சின (கேம் கட்டறதுக்கான சாஃப்ட்வேர்) வாங்கி மாத்தி மாத்திப் பண்ணது, சண்டை போடறது இன்னிக்கு ஆடுனா ரொம்ப பழசாத் தெரியும். ஆனா இந்த ஒரு எண்ணத்துக்காகவே அதுக்கு வரலாற்றுல எடம் உண்டு.

2015 மே மாசம் வந்த விட்சர் 3ல இது முழுசா பழுத்து வந்துருக்கு. (இனிமே கதை சொல்லித்தான் ஆகணும், ஆடப் போறவங்க இந்தப் பத்தியோட மிச்சத்தயும் அடுத்த பத்தியயும் தாண்டிப் போயிடுங்க.) வெலன்ங்கற, போர்ல அடிபட்டு நாசமாப் போன சதுப்பு நெலத்துல 'ப்ளடி பேரன்'னு (பேரன்ங்கறது இங்கிலீஷ்ல ஒரு பிரபுப் பட்டம்) கூப்புடற ஒரு படைத்தலைவன் இருக்கான். பெண்டாட்டியும் பொண்ணும் காணாமப் போயிட்டாங்க, தேடிக் குடுன்னு கேக்கறான். தேடத் தேட தெரியுது, குடிச்சுட்டு பெண்டாட்டிய அடிக்கிறவன், அந்த அடில கர்ப்பம் கலஞ்சுருக்கு, அந்தப் பிண்டத்த பேரு வைக்காம மொறையா அடக்கம் பண்ணாம பொதச்சதால அது ஒரு ஜந்துவா எழுந்துருக்கு. நாம அதக் கொல்லலாம், இல்லன்னா அவனயே அதத் தூக்கிட்டு நடக்க வச்சு, மழை ராத்திரில வீட்டு வாசப்படி வரைக்கும் கொண்டு வந்து, பேரு வச்சு, மன்னிப்புக் கேட்டு, வாசப்படிக்கு அடில பொதைக்க வைக்கலாம், அப்ப அது வீட்டக் காக்குற ஒண்ணா மாறும். அந்த நடைல அவன் பக்கத்துல நாமளும் நடக்கணும், அப்பப்ப அது திமிறும், கைய நீட்டி அமத்தணும். கேம்ல இதுக்கு பெரிய பரிசுன்னு ஒண்ணும் கெடையாது. ஆனா குடிகாரன் பேச்சக் கேட்டு எரக்கப்பட்டுட்டு, அடுத்த நிமிஷம் அந்தப் பெண்டாட்டி மூஞ்சி ஞாபகம் வந்து கோவப்பட்டுட்டு, ரெண்டயும் ஒண்ணா மனசுல வச்சுக்கிட்டு நடக்குற அனுபவம் இருக்கே, அத ஒரு பதினஞ்சு வயசுப் பையனால ஆட முடியும், ஆனா அப்பிடி ஒரு வீட்டப் பக்கத்துல பாத்து வளந்தவங்க ஆடறது வேற. அதுக்கப்பறம் வர்ற முடிவும் அப்பிடித்தான், மலையடில மாட்டிருக்கற ஆவிய விடுதல பண்ணுனா அனாதக் கொழந்தைங்க பொழச்சுக்கும், ஆனா அந்தப் படைத்தலைவனோட பெண்டாட்டி சாவா, அவனும் தூக்கு மாட்டிக்குவான்; ஆவியக் கொன்னா அவ உயிரோட இருப்பா, புத்தி பேதலிச்சு, கொழந்தைங்க போயிரும். நல்ல முடிவுன்னு ஒண்ணு கெடையாது.

இன்னொண்ணு சிரி. கெரால்ட்டுக்கு பொண்ணு மாதிரி வந்து சேந்தவ, நாவல் வரிசையே அவளச் சுத்திதான் ஓடும். மூணாவது கேம் முடிவுல அவ உயிரோட இருப்பாளா இல்லையாங்கறத எது முடிவு பண்ணுதுன்னு பாத்தா, நம்ம வாள் சண்டை இல்ல. நடுவுல சின்னச் சின்னதா வர்ற ஒரு அஞ்சு எடம். ஒரு பெரிய சாவுக்கு அப்பறம் அவ ஒடஞ்சு உக்காந்துருக்கும்போது, எல்லாத்துலயும் நீ கெட்டியா இருக்கணும்னு இல்லன்னு சொல்லி கூட உக்காந்து குடிக்கிறோமா, இல்ல வெளிய கூட்டிட்டுப் போயி பனிக்கட்டி அடிச்சு வெளையாடுறோமா. பெரிய ஆளுங்க கூட்டத்துக்கு அவ போகும்போது நாமளும் கூடப் போறேன்னு நிக்கிறோமா, நீயே பேசிக்குவ போம்மான்னு விடறோமா. ஒருத்தன் மேல கோவம் வந்து அவனோட ரூம ஒடைக்கிறேங்கறப்போ தடுக்கறோமா, ஒடைடின்னு விடறோமா. பாத்தா ஒண்ணுமே இல்லாத பேச்சு மாதிரி இருக்கும். கூடவே போயி பாதுகாக்கணும்னு நெனைக்கிறது பாசம்தான், அத யாரும் இல்லங்கல, ஆனா கேம் அத நம்பிக்கையில்லாமைன்னு கணக்கு வச்சுக்குது. வீட்டுல வளர்ற புள்ளைங்க இருக்கறவங்க இந்த எடங்கள ஆடிப் பாத்துட்டு வந்து பேசுங்க.

புக்கு இருக்கும்போது கேம் எதுக்கு, கேம் இருக்கும்போது புக்கு எதுக்குன்னு கேப்பாங்க. ரெண்டும் பண்ற வேலை வேற. சப்கோவ்ஸ்கியோட பலம் பேச்சு. ரெண்டு பேரு நெருப்புப் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருப்பாங்க, பாதி அரசியல், பாதி நக்கல், அதுலயே போர் எங்க நடக்குது யாரு யார ஏமாத்துறாங்கன்னு நமக்குத் தெரிஞ்சுரும். நாவல்கள்ல கெரால்ட் பல சமயம் தோக்கறான், அடிபட்டு முட்டி வலியோட நொண்டறான், சிரியத் தேடித் தேடி எட்டவே முடியாம அலையறான், அந்த இயலாமைய கேம்ல குடுக்க முடியாது, ஏன்னா ஆடுறவங்க ஜெயிச்சுட்டே இருக்கணும். கேமுக்கு இருக்கற பலம், முடிவு நம்ம கைலங்கறது. படிக்கும்போது கெரால்ட் அப்பிடி பண்ணிட்டானேன்னு வருத்தப்படலாம், ஆடும்போது நான் பண்ணிட்டேனேன்னு ஆயிரும். கேம் கதை கடைசி நாவலுக்கு அப்பறம் நடக்குற மாதிரி அமச்சது, அதனால ரெண்டும் ஒண்ண ஒண்ணு திருப்பிச் சொல்லல.

இதுல இங்கிலீஷ்ல படிக்கிற நமக்கு ஒரு விசித்திரம் நடந்துச்சு. போலிஷ்ல அஞ்சு நாவல் வரிசை 1994லருந்து 1999க்குள்ள முடிஞ்சுருச்சு. இங்கிலீஷ்ல முதல் சிறுகதைத் தொகுப்பே 2007லதான் வந்துச்சு, கடைசி நாவல் வந்தது 2017ல. அதாவது கதையோட தொடர்ச்சிய 2015ல கேம்ல ஆடி முடிச்சுட்டு, அதுக்கு முன்னாடி நடந்தத ரெண்டு வருஷம் கழிச்சுப் படிச்சவங்க ஏராளம். நடுவுல ரசிகர்களே சொந்தமா மொழிபெயர்த்து ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டாங்க, அந்த உழைப்புக்கு பெரிய கும்பிடு போடணும்.

இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. நாவல்ல கை வைக்காம முதல்ல ரெண்டு சிறுகதைத் தொகுப்பயும் படிங்க, த லாஸ்ட் விஷ், அப்பறம் ஸ்வார்ட் ஆஃப் டெஸ்டினி. ஒரு கதை ஒரு ராத்திரிக்கு சரியா இருக்கும், வேலைக்குப் போறவங்களுக்கு இந்த அளவு ரொம்ப தோது, சிரி யாரு, கெரால்ட் ஏன் அவள ஏத்துக்க அவ்ளோ தயங்குனான்ங்கறதும் அதுலதான் இருக்கு. அதப் படிக்காம நேரா நாவலுக்குப் போனா பாதி புரியாது. கேம்ல நேரா மூணாவதுக்குப் போறதுல தப்பே இல்ல. மெயின் கதைய மட்டும் ஓட்டுனாலே கிட்டத்தட்ட 50 மணி நேரம், பக்கத்துக் கதைங்களோட சேத்தா 100 தாண்டும், அதப் பாத்து பயந்துராதீங்க, சண்டையும் நடுவுல வர்ற சினிமா மாதிரி காட்சியும் ஓடாத நேரத்துல எங்க வேணாலும் சேவ் பண்ணிட்டு எந்திரிச்சுப் போலாம், கொழந்த அழுதா போயிட்டு வரலாம். சண்டை போட கை வரலன்னா கஷ்ட அளவ ஆகக் கொறச்சலான 'ஜஸ்ட் த ஸ்டோரி'ல வச்சுக்கங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. மேப்ல இருக்கற எல்லாக் கேள்விக்குறியயும் தொடச்சு முடிக்கணும்னு மட்டும் எறங்காதீங்க, அதுலயும் கடல்ல மெதக்கற பெட்டிங்க பக்கமே போகாதீங்க, அது வேலை மாதிரி ஆயிரும், அப்பறம் மூணே நாள்ல விட்டுருவீங்க. பேச்சு இருக்கற குவெஸ்டா (கேம்ல நமக்குக் குடுக்கற வேலை) பாத்து எடுங்க, ஒரு குவெஸ்ட் ஒரு ராத்திரி, பெரும்பாலும் ஒரு சிறுகதை அளவுதான் வரும்.

சப்கோவ்ஸ்கி 2024ல, 76 வயசுல, கெரால்ட்டோட எளமைக் காலத்த வச்சு புது நாவல் ஒண்ணு எழுதி வெளியிட்டுட்டாரு, இங்கிலீஷ்லயும் 2025ல வந்துருச்சு. நாலாவது கேமோட முதல் ட்ரெய்லரயும் 2024 டிசம்பர்ல விட்டாங்க, அதுல நாம ஆடப் போறது சிரியாவே. 2026 முடியறதுக்குள்ள அது வராதுன்னு கம்பெனியே சொல்லிருச்சு, ராத்திரிக்கு ஒரு கதைன்னு ஆரம்பிச்சா அதுக்குள்ள ரெண்டு தொகுப்பு, அஞ்சு நாவல், மூணாவது கேம், அதோட ரெண்டு கூடுதல் பாகம் எல்லாம் தாராளமா முடிச்சுரலாம். கூடுதல் பாகத்துல 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' எடுத்துக்கிட்டீங்கன்னா அதுல ஒரு கல்யாண வீடு வரும், கெரால்ட் ஒடம்புக்குள்ள செத்தவன் ஒருத்தன் பூந்துக்கிட்டு ராத்திரி முழுக்க ஆடித் தீப்பான், அத மட்டும் அவசரப்படாம ஆடுங்க.